மூக்கன்குளத்துப் பந்தல்காரர்கள் அடுக்களையைப் பத்திரப்படுத்திய விதம்

மூக்கன்குளம் என்று ஓர் ஊர். தென்காசிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால், கண்டக்டர் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். அவர் சிரிப்பது ஊரைப் பார்த்து அல்ல. அந்த ஊரில் பந்தல் போடுகிற அண்ணன் தம்பிகள் மூன்று பேரை நினைத்து.

மூத்தவன் பலவேசம். நடுவுள்ளவன் ஆவுடையப்பன். இளையவன் குத்தாலம். மூவரும் நல்ல உழைப்பாளிகள். பொய் சொல்லத் தெரியாது, களவு தெரியாது, சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாது. இந்த மூன்றாவது குணத்தால்தான் ஊருக்கு இவ்வளவு கஷ்டம்.

ஒரு தடவை கீழத்தெருவில் கல்யாணம். கல்யாண வீட்டுக்காரர் இவர்களைக் கூப்பிட்டு, "மழைக்காலம்ப்பா. மழை வந்தா ஒதுங்குத மாதிரி ஒரு பந்தல் போட்டுருங்க" என்றார். மூவரும் ராத்திரி பகலாக யோசித்து, நாலு வண்டிச் சக்கரம் வாங்கி, பந்தலை அதன் மேலே கட்டினார்கள். முகூர்த்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூவரும் ஓடி வந்து பந்தலைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், நாதஸ்வரம் எல்லாம் தொப்பலாக நனைந்தது. வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி கத்தினார்.

பலவேசம் பொறுமையாகச் சொன்னான்: "மழை வந்துச்சு. பந்தல் ஒதுங்கிருச்சு. இதுல என்ன குறைன்னு தெரியலையே."

இப்படிப்பட்ட வீட்டில் வாக்கப்பட்டு வந்தவள் பலவேசத்தின் பெண்டாட்டி உலகம்மாள். ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "தண்ணி எடுத்து வைங்க" என்று சொல்ல மாட்டாள். "கிணத்துல இருந்து தண்ணியை இறைச்சு, இந்தக் குடத்துல ஊத்தி, இந்தக் குடத்தை இந்த மூலையில வைங்க" என்று விரலால் காட்டிச் சொல்வாள். அதனால் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பிரசவத்துக்கு ஆலங்கரையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள். ஆம்பளைப் பிள்ளை பிறந்தது. மற்றவர்கள் என்றால் ஐந்தாம் மாசம் கொண்டுவந்து விடுவார்கள். உலகம்மாளோ ஆடி என்றாள், பிறகு பிள்ளைக்குச் சளி என்றாள், பிறகு சளி விடட்டும் என்றாள். பலவேசத்துக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் தொட்டிலைக் கட்டிப்போட்டு, பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சில சமயம் தாலாட்டும் பாடுவான். அதைக் கேட்டு குத்தாலம் தூங்கிப்போவான்.

கடைசியில் ஒருநாள் பலவேசம் போனைப் போட்டு, "உலகம், நீ எப்பதான் வருவே? பிள்ளைக்கு என் முகம் மறந்துபோயிரும்" என்று கேட்டுவிட்டான். பக்கத்தில் தம்பிகள் இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மாள் சொன்னாள்:

"எனக்கு மட்டும் வர ஆசை இல்லையாங்க? பிள்ளை தவழ ஆரம்பிச்சுட்டான். கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள அடுக்களைக்குள்ள போயிருதான். இங்க எங்க அம்மா இருக்கா, பாத்துக்கிடுதா. அங்க நம்ம அடுக்களையை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. முதல்ல அதைப் பத்திரமா ஆக்குங்க. வார வெள்ளிக்கிழமை வாரேன். பாப்பேன். சரியா இல்லைன்னா வந்த ஆட்டோவுலயே திரும்பிருவேன்."

"சொல்லு உலகம். என்ன செய்யணும்? ஒரு சொல்லு பிசகாம செஞ்சுருதோம்."

இந்த 'ஒரு சொல்லு பிசகாம' என்றதைக் கேட்டு அவள் உஷாராகியிருக்க வேண்டும். பிள்ளை அழுதது போலிருக்கிறது, அவசரமாகச் சொல்லிவிட்டாள்.

"கத்தி, அரிவாள்மணை எல்லாம் பிள்ளை கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும். பினாயில் பாட்டில் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்துல இருக்கவே கூடாது. ஒவ்வொரு டப்பாவுலயும் பேரு எழுதி ஒட்டுங்க. பாலை அடுப்புல வெச்சா கண்ணை எடுக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் கேஸை மறக்காம அணைச்சிருங்க. அதுதான் ரொம்ப ரொம்ப முக்கியம். வெச்சிரட்டா?"

வைத்துவிட்டாள்.

அண்ணன் தம்பிகள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அடுக்களை நடுவில் வட்டமாக உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள்.

"முதல்ல கத்தி" என்றான் பலவேசம். "பிள்ளை கைக்கு எட்டாத இடம் எது?"

ஆவுடையப்பன் மூவரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரைக் கொடுத்ததும் மற்ற இரண்டு பேர்தான். அவன் மோவாயைத் தடவிக்கொண்டு சொன்னான்: "பிள்ளை இப்ப ஆலங்கரையில இருக்கான். அங்க இருந்து கையை நீட்டுனா இங்க எட்டாது. அப்பம் கத்தி இப்ப பத்திரமாத்தான் இருக்கு."

"வெள்ளிக்கிழமை வந்துருவானே!"

"வந்தாத்தான் கைநீளத்தை அளக்க முடியும்."

"வந்த பிறகு அளந்தா, அவ ஆட்டோவுல திரும்பிருவாளே."

மூவரும் கவலைப்பட்டார்கள். பிறகு பலவேசத்துக்கு ஒரு யோசனை வந்தது. "இந்த வீட்டுல இளையவன் யாரு? குத்தாலம். ஏல குத்தாலம், வெள்ளிக்கிழமை வரைக்கும் பிள்ளை நீதாம்ல. தவழு."

குத்தாலம் மீசையை முறுக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தான். கத்தியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். குத்தாலம் தவழ்ந்து போய், எழுந்து நின்று எடுத்தான்.

"ஏல, நீ எந்திரிச்சு நிக்கே!"

"நம்ம பிள்ளை நாளைக்கு எந்திரிச்சு நிக்க மாட்டானாண்ணே?"

பலவேசம் யோசித்துப் பார்த்தான். "நிப்பான். எம் பிள்ளை ஏன் நிக்க மாட்டான்?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துப் பரண் மேலே போட்டான். குத்தாலம் தவழ்ந்து, ஆட்டுரலில் ஏறி, பரணில் தொங்கி, எடுத்துக்கொண்டு வந்தான். கொல்லையில் இருந்த தென்னைமரத்து உச்சியில் கொண்டுபோய்க் கட்டினார்கள். பந்தல்காரனுக்கு மரம் ஏறுவது என்ன பெரிய காரியமா? மரத்தடி வரைக்கும் தவழ்ந்துபோன பிள்ளை, சரசரவென்று ஏறி, கத்தியோடு மூன்று இளநீரும் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டது. அந்தக் கத்தியாலேயே சீவி, மூவரும் சோகமாகக் குடித்தார்கள்.

"இந்தப் பிள்ளைகிட்ட இருந்து ஒண்ணையும் காப்பாத்த முடியாது போல" என்றான் பலவேசம்.

கடைசியில் கத்தி, அரிவாள்மணை, தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக் கிணற்றில் போட்டார்கள். குத்தாலம் கிணற்றுச் சுவர் வரை தவழ்ந்து போய், எட்டிப் பார்த்து, கையை நீட்டினான். தோள் வரைக்கும் நீட்டினான்.

"எட்டலைண்ணே!"

"அப்பாடா" என்று பலவேசம் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

அடுத்தது பினாயில். பினாயில் பாட்டிலும் எண்ணெய் பாட்டிலும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், தோள்மேல் தோள் போட்டுக்கொண்டு அலமாரியில் நின்றன. உலகம்மாள் பயந்ததில் நியாயம் இருந்தது.

"பக்கத்துல இருக்கக் கூடாதுன்னா, ஒண்ணை எடுத்துக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுல குடுத்துருவோம்" என்றான் குத்தாலம்.

ஆவுடையப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தான். "கிறுக்கா. பக்கத்து வீடு பக்கத்துலதானல இருக்கு? எதுத்த வீட்டுல குடுக்கணும்."

எதிர் வீட்டில் இருப்பவள் பூமயில் அக்கா. கையில் பினாயில் பாட்டிலோடு மூன்று பேர் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்து, "என்னலே, என் வீடு அவ்வளவு அழுக்காவா இருக்கு?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இது உங்க வீட்டுல இருந்தாத்தான் எங்களுக்குப் பத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். பூமயில் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் வாசலிலேயே நின்றாள்.

பிறகு டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் பேர் எழுதி ஒட்ட வேண்டும். குத்தாலத்துக்குத்தான் எழுத்து நன்றாக வரும். பேப்பரைக் கிழித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டத் தயாராக உட்கார்ந்தான்.

"யாரு பேரை எழுத?"

"வீட்டுக்கு மூத்தவன் பேரைத்தான் முதல்ல எழுதணும்" என்றான் ஆவுடையப்பன்.

உப்பு டப்பாவில் 'பலவேசம்' என்று எழுதி ஒட்டினார்கள். சீனி டப்பா 'ஆவுடையப்பன்' ஆனது. புளி ஜாடிக்கு 'குத்தாலம்'. வீட்டு ஆட்கள் தீர்ந்தார்களே தவிர டப்பா தீரவில்லை. உறவுக்காரர்களுக்குப் போனார்கள். மிளகாய்த்தூளுக்குப் பலவேசத்தின் மாமனார் வைகுண்டம் பெயரை வைத்தார்கள். "அவருக்குத்தான் சட்டுன்னு மூக்குல ஏறும்" என்று ஒருமனதாக முடிவாயிற்று. கடுகுக்கு ஆள் கிடைக்காமல் ஊர்த் தலையாரியைப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் பூமயில் கிண்ணத்தோடு வந்தாள். "குத்தாலம், கொஞ்சம் சீனி இருந்தாக் குடேன்."

குத்தாலம் அலமாரியை மேலும் கீழும் தேடினான். "சீனின்னு எதுலயும் எழுதலையேக்கா. ஆவுடையப்பன் இருக்கான். எடுத்துக்கிடுதீங்களா?"

"அவனை வெச்சு நான் என்னலே செய்ய?"

"காப்பியில போட்டுக் கலக்குங்க."

பூமயில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கு மதியம் பலவேசமே சமைத்தான். கத்தி இல்லாததால் பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்தார்கள். கத்தரிக்காயைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். தேங்காயை உடைத்து, ஆளுக்குக் கொஞ்சம் கடித்து மென்று குழம்பில் சேர்த்தார்கள். அதை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஆவுடையப்பன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ரசத்துல அண்ணன் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான்.

"வைகுண்டம் மாமாவும் தொண்டையில நிக்காரு" என்று இருமினான் குத்தாலம்.

"அப்பம் கொஞ்சம் குத்தாலத்தைக் கரைச்சு ஊத்துவோமா?" என்றான் பலவேசம். குத்தாலம் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினான். அவனைச் சமாதானப்படுத்திக் கூட்டி வருவதற்குள் சோறு ஆறிப்போனது.

சாயங்காலம் பால் காய்ச்ச வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது என்பது உலகம்மாளின் உத்தரவு. அந்த வேலை ஆவுடையப்பனுக்கு வந்தது. அவன் ஒரு மணையைப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, இமை கொட்டாமல் பாலையே பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. பால் ஓரத்தில் நுரைத்தது. பார்த்தான். மேலே ஏறியது. பார்த்தான். பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, தரையில் ஓடி அவன் உட்கார்ந்திருந்த மணை வரைக்கும் வந்தது. அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலவேசம் ஓடி வந்தான். "ஏல! கண்ணை எடுத்துட்டியா?"

"சத்தியமா எடுக்கலைண்ணே. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு துளி விடாமப் பாத்தேன். ரொம்ப அழகாப் பொங்குச்சு."

எழுந்திருக்கும்போது பாலில் கால் வைத்து, ஆவுடையப்பன் வழுக்கி விழுந்து, போகிற போக்கில் அண்ணனையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இரண்டு பேரும் கிடந்த இடத்தில் கிடந்துகொண்டே, பால் சிந்தினால் தரை வழுக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். இதை உலகம்மாள் சொல்ல மறந்துவிட்டாளே என்று அவளுக்குப் போன் போட்டார்கள்.

"தரை வழுக்கவே கூடாது! அதுக்கு என்ன செய்யணுமோ அதைச் செய்யுங்க" என்று அவள் பதறினாள்.

தரை வழுக்காமல் இருக்க என்ன செய்யலாம்? பந்தல் போடுகிற இடம் சேறாகிப்போனால் இவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். ஓடையிலிருந்து ஒரு வண்டி மணல் அடித்து, அடுக்களை முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கொட்டி நிரவிவிட்டார்கள். குத்தாலம் ஓடிப் பார்த்தான். வழுக்கவில்லை. பல்டி அடித்தான். அடிபடவில்லை. தெருவில் போன இரண்டு பூனைகள் எட்டிப் பார்த்து மிகவும் சந்தோஷமாக உள்ளே நுழைந்தன. எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கேஸ். மணல் கொட்டிய மறுநாள்தான் மூவருக்கும் அது ஞாபகம் வந்தது; அதுவரை பழக்கம்போல அடுப்பை நிறுத்தியே வந்தார்கள்.

அந்த வீட்டில் அடுப்பை நிறுத்துவதை 'அமத்துவது' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். உலகம்மாளும் வழக்கமாக "அமத்துங்க" என்றுதான் சொல்வாள். ஆலங்கரையில் இருந்த மாதங்களில் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டு, போனில் "அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டாள்.

"அமத்தச் சொல்லியிருந்தா அமத்தியிருக்கலாம்" என்றான் ஆவுடையப்பன். "மதினி அணைக்கத்தான சொன்னாங்க. அதுவும் ரொம்ப ரொம்ப முக்கியம்னுல்லா சொன்னாங்க."

"கேஸை எப்படிண்ணே அணைக்கது?" என்று கேட்டான் குத்தாலம். "அது காத்துல்லா? கைக்குள்ள நிக்காதே."

"சிலிண்டருக்குள்ளதான அடைச்சு வெச்சிருக்கான். சிலிண்டரோட சேத்து அணைக்கணும்."

பொழுது சாயும் நேரம். அடுப்பில் வெந்நீர் கொதித்து முடிந்திருந்தது. மேடைக்குக் கீழே சிலிண்டர் மணலில் பாதி புதைந்து நின்றது. பலவேசம் முன்னால் போய், முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டான். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பிள்ளைக்காக என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

"அமரலையே" என்றான் குத்தாலம்.

"அண்ணே, நீங்க கடமைக்கு அணைக்கீங்க" என்றான் ஆவுடையப்பன். "பாசமா அணைக்கணும்."

பலவேசம் இறுக்கி அணைத்தான். கன்னத்தை வைத்து அணைத்தான். தீ அசையவில்லை. "ஒருத்தர் பாசம் பத்தலை" என்று தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் சிலிண்டரைச் சுற்றி வளைத்து அணைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். சீனி ஞாபகத்தில் மறுபடியும் ஜன்னலில் எட்டிப் பார்த்த பூமயில், ஏதோ துக்கச் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து, சத்தம் போடாமல் திரும்பிப் போனாள்.

சிலிண்டரில் ஏற்கெனவே கொஞ்சம்தான் இருந்தது. ஆளுக்கொரு கொட்டாவி விட்டு முடிக்கையில் தீ நீலமாகி, சின்னதாகி, துடித்து, தானாக நின்றுவிட்டது.

குத்தாலம் கண்ணீர் விட்டு அழுதான். "அணைஞ்சிருச்சுண்ணே! நம்ம பாசத்துக்குக் கட்டுப்பட்டிருச்சு!"

மறுநாள் அடுப்பு பற்றவில்லை. 'நேற்று ரொம்ப அணைத்துவிட்டோம்' என்று முடிவு செய்து, இனிமேல் லேசாக அணைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

சொன்னபடியே உலகம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் பிள்ளை. மூவரும் குளித்து, திருநீறு பூசி, வாசலில் வரிசையாக நின்றார்கள். பிள்ளை அப்பனைப் பார்த்தது, ஆவுடையப்பனைப் பார்த்தது, குத்தாலத்தின் மீசையைப் பார்த்து, பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தது. பலவேசம் கையை நீட்டினான்.

"பொறுங்க. முதல்ல அடுக்களை" என்றாள் உலகம்மாள். ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதலில் அடுக்களையிலிருந்து இரண்டு பூனைகள் ஓடி வந்தன. அதன் பின்னால் உலகம்மாள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மணல் எதுக்கு?"

"வழுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே மதினி."

"கத்தி எங்க?"

"கிணத்துல. பத்திரமா இருக்கு."

"எங்க அப்பா பேரை ஏன் டப்பாவுல ஒட்டியிருக்கு?"

குத்தாலம் மெதுவாக ஆவுடையப்பன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "கேஸை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டபோது, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

பலவேசம் பின்னாலேயே வந்தான். தடுக்கவில்லை. ஆட்டோ ஓரமாக நின்று, "உலகம், நீ சொன்னதுல ஒண்ணையும் நாங்க விடலை" என்று மட்டும் சொன்னான். "எல்லாத்தையும் செஞ்சோம். எங்க தப்பாப்போச்சுன்னு எனக்குப் புரியலை. தொட்டிலைத் துவைச்சுக் கட்டியிருக்கேன். ஒரு தடவை அதுல கிடத்திட்டுப் போயேன். நான் ஆட்டிப் பாத்துக்கிடுதேன்."

பிள்ளை கையை நீட்டி அவன் மூக்கைப் பிடித்தது. விடவில்லை. உலகம்மாள் விலக்கிப் பார்த்தாள். அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. பலவேசம் மூக்கோடு சேர்ந்து முழுசாக ஆட்டோவுக்குள் வந்துவிட்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மூக்கு வலியா, வேறு காரணமா என்று அவனுக்கே தெரியாது.

உலகம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டோவை விட்டு இறங்கினாள். "நீங்க போங்கண்ணாச்சி" என்று ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகினாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த வேலையைத் தெருவே நின்று பார்த்தது. "இந்தக் கூடையை இந்தக் கையால பிடிச்சு, இந்த மணலை அள்ளி, அந்த வண்டியில கொட்டுங்க" என்று உலகம்மாள் விரலால் காட்டிக் காட்டிச் சொல்ல, அண்ணன் தம்பிகள் பம்பரமாகச் சுழன்றார்கள். மணல் போனது. குத்தாலம் கிணற்றில் இறங்கிச் சாக்கை எடுத்தான். டப்பாவில் இருந்த உறவுக்காரர்கள் எல்லாம் உரிக்கப்பட்டு, உப்பு உப்பானது, சீனி சீனியானது. கத்திக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வந்தது. பூமயில் தன் வீட்டில் இருந்த இன்னொரு சிலிண்டரைக் கொடுத்தாள். பினாயிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். உலகம்மாள் அதைக் கொல்லையில் தனி அலமாரியில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டாள். மதியத்துக்குள் அடுக்களை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பாக்கி ஒன்றுதான். பழைய காலத்து வீடு. அடுக்களைக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. பிள்ளை தவழ்ந்து உள்ளே போகாமல் இருக்க ஏதாவது தடுப்பு வேண்டும்.

உலகம்மாள் நினைத்தாள்: 'இது இவங்க தொழிலு. கம்பும் கயிறும்தானே. இதுல என்ன தப்பு வந்துரப்போகுது?'

"ஒரு மூங்கில் தட்டி கட்டி வைங்க. பிள்ளை தாண்டவே கூடாது. நான் அவனைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாரதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

மூவருக்கும் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் இப்போதுதான் தெரிந்த வேலை வந்திருக்கிறது.

"பிள்ளை எவ்வளவு உயரம் தாண்டுவான்?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"எம் பிள்ளையா? பெரிய ஆளா வருவான். உத்தரம் வரைக்கும் கட்டிருவோம்" என்றான் பலவேசம்.

சிமெண்டுத் தரையில் கம்பு நட முடியாது. ஆகையால் ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்த மூங்கிலை மேலே உத்தரத்திலிருந்து நெருக்கமாகக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் வாசல் நிலையோடு சேர்த்து இறுக்கினார்கள். குறுக்கே ஐந்தாறு கழி கொடுத்தார்கள். யானை வந்து முட்டினாலும் அசையாது. கீழே மட்டும் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விட்டார்கள். தாண்டுகிறவன் மேலேதான் போவான், கீழே எதற்கு மூங்கிலை வீணாக்க வேண்டும்?

உலகம்மாள் பிள்ளைக்குப் பவுடர் போட்டு, பொட்டு வைத்துக் கூட்டி வந்தாள். தட்டியைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கல்யாணம் ஆன பிறகு முதல்முறையாகப் புருஷனைப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள். பலவேசத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பிள்ளையை இறக்கித் தரையில் விட்டாள்.

பிள்ளை நேராகத் தட்டி வரைக்கும் தவழ்ந்தது. ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. பிறகு குப்புறப் படுத்து, தலையைக் குனிந்து, கீழே இருந்த சந்தில் உடும்பு மாதிரி நுழைந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து கையைத் தட்டியது.

"ஐயையோ! தாண்டிட்டானே!" என்று உலகம்மாள் கத்தினாள்.

"தாண்டலையே மதினி" என்றான் குத்தாலம், ரொம்ப மரியாதையாக. "நுழைஞ்சுல்லா போயிருக்கான்."

உலகம்மாள் தட்டியைப் பிடித்து உலுக்கினாள். படுத்துப் பார்த்தாள், தலைக்கு மேல் போகவில்லை, தோள் மாட்டிக்கொண்டது. "அவுத்து விடுங்க, சீக்கிரம்!"

"பந்தல் முடிச்சு மதினி. அறுத்தாத்தான் உண்டு. கத்தியோட எங்க அரிவாளும் உள்ள பெட்டிக்குள்ள இருக்கு" என்றான் ஆவுடையப்பன்.

நல்லவேளை, அவள் கையால் ஒழுங்குபடுத்திய அடுக்களை. அடுப்பு எரியவில்லை, கத்தி பூட்டுக்குள் இருந்தது, பிள்ளை கைக்கு எட்டியது ஒரு தட்டும் கரண்டியும் ஓரமாக இருந்த முட்டைக் கூடையும்தான். "பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க! நான் அரிவாள் வாங்கிட்டு வாரேன்!" என்று எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

அவள் போன பிறகு அண்ணன் தம்பிகள் தட்டிக்கு முன்னால் நின்று நிலைமையை ஆராய்ந்தார்கள்.

"இனி நம்ம யாராலயும் உள்ள போக முடியாது" என்றான் பலவேசம். "அப்பம் சமையல் யாரு செய்யது?"

ஆவுடையப்பன் மோவாயைத் தடவினான். "உள்ள போற வழி தெரிஞ்சவன் இந்த வீட்டுல ஒருத்தன்தான் இருக்கான்."

உள்ளே பிள்ளை கரண்டியால் தட்டை ஓங்கி ஒரு போடு போட்டது.

"ஆரம்பிச்சுட்டான்" என்றான் குத்தாலம் பக்தியோடு.

பலவேசம் தரையில் படுத்து, தட்டிக்குக் கீழே வாயை வைத்து, பிள்ளையிடம் அன்பாகச் சொன்னான்: "எய்யா, அவசரம் ஒண்ணும் இல்லை, நிதானமாச் செய்யி. சோறு மட்டும் குழைஞ்சிராமப் பாத்துக்க. அப்புறம், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. முட்டை வேண்டாம்."

பூமயில் வீட்டிலிருந்து உலகம்மாள் அரிவாளோடு மூச்சிரைக்க ஓடி வந்து பார்த்தபோது, மூன்று பேரும் கை கால் கழுவி, தட்டிக்கு முன்னால் வரிசையாக இலை போட்டு, தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தார்கள்.